அட்டவணை அண்ணியும் எட்டு அடிக்குறிப்புகளும்

எங்கள் ஊரில் ரோட்டைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும். நடுவில் மலையோ ஆறோ ஒன்றும் கிடையாது. நாற்பதடி அகலத்தில் ஒரு தார் ரோடு, அதன் நடுவில் தேய்ந்துபோன வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் இன்னொன்று. எங்கள் பக்கத்துத் தெருவிளக்கு வெள்ளையாக எரியும், அவர்களுடையது மஞ்சள். டீசல் அங்கே மலிவு என்பதால் லாரிகளெல்லாம் காலையில் அங்கே வரிசை கட்டும். சோப்பும் ரொட்டியும் இங்கே மலிவு என்பதால் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவார்கள். கோட்டின் மேலேயே இரண்டு ஸ்கூட்டர்கள் மோதிக்கொண்டால், இரண்டு பக்கத்துப் போலீசும் வந்து, இது உங்கள் கேஸ், இல்லையில்லை உங்களுடையது என்று விட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு அரசாங்கத்துக்கும் அவ்வளவு பெருந்தன்மை.

இந்த ரோட்டின் இரண்டு பக்கத்தையும் முப்பது வருஷமாக எடை போட்டுக்கொண்டிருப்பவர் என் நாத்தனார். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன், கடைக்காரர்கள் 'அட்டவணையம்மா' என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்து வணிகர் சங்க அலுவலகத்தின் மாடியில், ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் அவருடைய மேஜை. வருஷா வருஷம் இரண்டு மாநில பட்ஜெட்டும் வந்த பிறகு, அங்கே என்ன வரி, இங்கே என்ன வரி என்று ஒப்பிட்டுச் சங்கம் ஒரு சின்னப் புத்தகம் போடும். அதைத் தயாரிப்பது அண்ணி. அட்டையில் சங்கத்தின் பெயர் இருக்கும், உள்ளே செயலாளரின் படம் இருக்கும், அண்ணியின் பெயர் எங்கேயும் இருக்காது.

அவரைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. கோபம்தான் நிறைய இருக்கிறது. ஆனால் தெருவில் இப்போது பேசுகிற பேச்சு சரியில்லை. கூடப்பிறந்த தம்பியை நடுத்தெருவில் நிறுத்தியவள் என்கிறார்கள். அப்படி நின்றவரின் பெண்டாட்டி நான். ஏச வேண்டுமென்றால் நான் ஏசிக்கொள்கிறேன், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு போகட்டும்.

அரசிதழைப் பார்த்து எண்களை எடுத்து எழுதிவிட்டுப் போகிற ஆள் இல்லை அண்ணி. "அவங்க எழுதறது ஒண்ணு, வாங்கறது ஒண்ணு" என்பார். இரண்டு பக்கத்திலும் வீடு வீடாகப் போய் வீட்டு வரி ரசீது, தண்ணீர் வரி ரசீது, மின்சார பில், வண்டிக்குக் கட்டிய சாலை வரி எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த வருஷம் உங்க வீட்டுக்கு எவ்வளவு போட்டாங்க?" என்று கேட்டு என் மானத்தை வாங்கியிருக்கிறார். ஆனால் ரசீதைக் காட்ட மறுத்தவர் ஒருவரும் இல்லை. வரியைப் பற்றிப் புலம்புவதற்கு ஒரு காது கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அட்டவணையில் இரண்டு பகுதிகள். மேலே குடியிருப்போர், கீழே தொழில் நடத்துவோர். ஒப்பிடுவதற்கு ஒரே அளவு வேண்டுமே, அதற்காக அண்ணி கற்பனையில் ஒரு குடும்பத்தை வைத்திருந்தார். கணவன், மனைவி, ஒரு பெண், ஒரு பையன். அறுநூறு சதுர அடியில் சொந்த வீடு, ஒரு ஸ்கூட்டர், ஒரு ஃபிரிட்ஜ். இதற்கு அளவுக் குடும்பம் என்று பெயர். இவர்களை இந்தப் பக்கம் குடிவைத்தால் எவ்வளவு கட்டுவார்கள், எதிர்ப்பக்கம் குடிவைத்தால் எவ்வளவு கட்டுவார்கள் என்று கணக்குப் போடுவார். தொழிலுக்கும் அப்படி ஒன்று உண்டு. அறுபது தொழிலாளர்கள், சொந்தக் கட்டடம், ஒரு லாரி. அது அளவுத் தொழில்.

அளவுத் தொழிலைப் பற்றி அண்ணி அதிகம் பேச மாட்டார். அளவுக் குடும்பம் என்றால் உயிர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது, "பாவம், இந்த வருஷம் அவங்களுக்கு ஸ்கூட்டர் வரி ஏறிடுச்சு. பொண்ணு வேற பெரிய ஸ்கூலுக்குப் போறா" என்று பெருமூச்சு விடுவார். கல்யாணமாகி வந்த புதிதில் அது யாரோ பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து வருத்தப்பட்டிருக்கிறேன். விஷயம் தெரிந்து பல வருஷம் கழித்து ஒருநாள், "இருபது வருஷமா அந்தப் பொண்ணு ஸ்கூல்லயே இருக்காளே அண்ணி, எப்பதான் பாஸாவா?" என்று கேட்டேன். என் கணவருக்குப் புரையேறிவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை.

முப்பது வருஷ உழைப்பில் அவர் கண்டுபிடித்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எதிர்ப்பக்கம் தொழிலுக்கு வரி குறைவு, குடியிருப்பவர்களுக்கு அதிகம். எங்கள் பக்கம் நேர்மாறு. "ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்ததை இன்னொருத்தர்கிட்ட வாங்கறாங்க. எங்கயாவது வாங்கித்தானே ஆகணும்?" என்பார்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அக்காவும் தம்பியும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்ப்பார்கள். அண்ணி தன் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிப்பார். என் கணவர் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வருவார். சின்ன வயதில் அக்கா பாடம் ஒப்பிக்க, தம்பி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்த காலத்திலிருந்து வருகிற பழக்கம் இது. எழுத்து சரியா என்று மட்டும்தான் என் கணவர் பார்ப்பார், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் எட்டு அடிக்குறிப்புகள் இருக்கும். அவற்றையும் அண்ணி படிப்பார், அவற்றுக்கும் டிக் விழும், பிறகு இரண்டு பேரும் டீ குடிப்பார்கள்.

என் கணவருக்குப் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை. ஒன்பது தையல்காரர்கள். ரெக்சினை வெட்டுவது என் கணவர். நூல் பிசிறை நறுக்கி, ஜிப்பை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, பத்துப் பத்தாக அடுக்குவது நான். ரெக்சின் வாடை எத்தனை தரம் குளித்தாலும் எங்கள் தலைமுடியை விட்டுப் போகாது. அளவுக் குடும்பத்தில் யாருக்கும் அந்த வாடை இருந்திருக்காது.

ஒரு வருஷம் சங்கத்துச் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் அண்ணிக்குத் தலைவலி வரும். எங்கள் பக்கத்து அரசாங்கத்தின் தொழில் வரியைக் குறைக்க வைக்க வேண்டும், அதற்கு ஒரு போராட்டம், போராட்டத்துக்கு ஒரு சுவரொட்டி. அந்த வருஷம் புத்தகம் கிடையாது, சுவரொட்டி மட்டும்தான்.

"எதிர்ப்பக்கம் பாதி, நம்ம பக்கம் முழுசு. தூரத்துல நின்னு பாத்தாலும் கண்ணுல அடிக்கணும்மா" என்றாராம். அண்ணி எழுதிக்கொடுத்த தாளில் கீழே இருந்த எட்டுக் குறிப்புகளையும் பார்த்துவிட்டு, "இந்தப் பொடி எழுத்தெல்லாம் எதுக்கு? இதைப் படிச்சா எவனுக்கும் கோவமே வராதே" என்று எல்லாவற்றின் மேலும் ஒரு கோடு போட்டாராம். அண்ணி விடவில்லை. குறிப்பு இல்லாமல் அட்டவணை கொடுக்க மாட்டேன் என்று சாயங்காலம் வரை நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். கடைசியில் செயலாளர், "சரி, ரெண்டு வெச்சுக்கோங்க. எந்த ரெண்டுன்னு நீங்களே பாத்துக்கோங்க" என்று பேனாவை அவரிடம் நீட்டியிருக்கிறார்.

அண்ணி வைத்த இரண்டும் குடியிருப்போருக்கானவை. வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருந்தால் வீட்டு வரி ஒன்றரை மடங்கு என்பது ஒன்று. தனியாக வாழும் முதியவர்கள் விண்ணப்பம் கொடுத்தால் தண்ணீர் வரி பாதி என்பது மற்றொன்று. பின்னால் நான் கேட்டபோது அதற்குக் காரணம் சொன்னார். "தொழில் நடத்தறவங்களுக்கு ஆடிட்டர் இருக்காரும்மா. குடும்பத்துக்கு யாரு இருக்கா?"

அப்படி வெளியே போன ஆறு குறிப்புகளில் ஒன்று இது: எதிர்ப்பக்கத்தின் தொழில் வரிச் சலுகை, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே.

அந்த வருஷம் அக்காவும் தம்பியும் புரூஃப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஆயிரத்து இருநூறு பைகள் முடித்துக் கொடுக்க வேண்டும். "நீயே பாத்துக்கோக்கா, எனக்கு மூச்சு விட நேரமில்ல" என்று என் கணவர் கத்தரியை விடாமலே சொல்லி அனுப்பிவிட்டார்.

சுவரொட்டி எங்கள் பட்டறைக்கும் வந்தது. வெட்டுகிற மேஜைக்கு நேர் எதிரே, தினமும் பத்து மணி நேரம் அவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டினார். பாதி, முழுசு, பாதி, முழுசு. இரண்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே ரெக்சின் வெட்டினார். எங்கள் பக்கத்தில் தொழில் வரி ஏறிக்கொண்டே இருந்தது, உரிமக் கட்டணமும் கூடியிருந்தது. எதிர்ப்பக்கம், சரியாக எங்களுக்கு நேர் எதிரே, ஒரு கட்டடம் காலியாக இருந்தது. வீட்டை இங்கேயே வைத்துக்கொண்டு பட்டறையை மட்டும் அங்கே கொண்டுபோனால் இரண்டு பக்கத்து நல்லதும் எங்களுக்கே என்று அவர் சொன்னபோது, எனக்கும் அது நல்ல மூளையாகத்தான் பட்டது.

அக்காவிடம் கேட்க வேண்டாமா என்றேன். "வேணாம். சங்கத்துல இருந்து ஒருத்தன் எதிர்ப்பக்கம் போறான்னா துரோகின்னு சொல்லுவாங்க. முன்னாடியே தெரிஞ்சும் சொல்லலைன்னு அக்கா வேலைக்கே உலை வெச்சிடுவாங்க. போன பிறகு தெரியட்டும்" என்றார். அக்காவின் மேல் இருந்த அக்கறையில்தான் அக்காவிடம் மறைத்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரே ஒரு தரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின் நடுவில், சுற்றி வளைத்துக் கேட்டார்.

"ஏன்கா, எதிர்ப்பக்கம் தொழில் வரி நிஜமாவே பாதிதானா?"

"நான் போட்ட எண்ணுல சந்தேகமாடா உனக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"அதுல ஒரு தப்பு இருந்தா வேலையை விட்டுடறேன். போதுமா?"

தப்பு ஒன்றும் இல்லை. அந்த எண் சரியான எண்தான். எங்களுக்கு ஆடிட்டர் கிடையாது, எங்கள் ஆடிட்டர் அண்ணிதான். அவரே சொல்லிவிட்டார் என்று என் கணவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை பட்டறை ரோட்டைக் கடந்தது. தையல் மெஷின்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். தையல்காரர்கள் அவரவர் உட்காருகிற ஸ்டூலை அவரவர் தலையில் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர், "வெளிநாடு போறோம், யாருப்பா பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வரல?" என்று கத்த, நின்ற வண்டிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்துச் சிரித்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு அண்ணி செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தார்.

"என்னடா இது?"

"உன் அட்டவணைதான்கா! இனிமே பாதி வரி!" என்றார் என் கணவர். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அண்ணி ஸ்டூல்களை எண்ணினார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. "எத்தனை பேருடா உங்கிட்ட?" என்று கேட்டார்.

"ஒன்பது பேரு. உனக்குத் தெரியாதா என்ன?"

"பழைய இடம்?"

"சாவியைக் கொடுத்தாச்சு. டயர் கடைக்காரர் இன்னைக்கே உள்ள வராரு."

அண்ணி வெள்ளைக் கோட்டின் மேல் நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டு போயின. தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார்களே என்ற கோபம் என்று நினைத்தேன். "கோவிச்சுக்காதீங்க அண்ணி" என்று கையைப் பிடித்தேன். "கோவம் இல்லம்மா" என்றார்.

அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. நான்கு மாதம் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ரோட்டைக் கடந்து போய், எதிர்ப்பக்கத்து வரி அலுவலகத்தில் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மொத்தம் பதினொரு மனுக்கள். ஐம்பதுக்குக் குறைவாக ஆட்கள் இருந்தாலும் பட்டறைகளுக்குச் சலுகை தர வேண்டும் என்று. ஒன்றுக்குத்தான் பதில் வந்தது, பரிசீலனையில் உள்ளது என்று. எப்படியாவது சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாராம்.

நான்காவது மாதம் நோட்டீஸ் வந்தது. பாதி இல்லை, முழு வரி. அதற்கு மேல், சிறு பட்டறைகளுக்கென்று தனியாக ஒரு வரி. அப்படி ஒன்று எங்கள் பக்கத்தில் இருந்ததே இல்லை. கூட்டிப் பார்த்தால் பழைய இடத்தில் கட்டியதைப் போல ஒன்றரை மடங்கு. பெரிய தொழிற்சாலைகளுக்கு விட்டுக்கொடுத்ததை எங்கேயாவது வாங்கித்தானே ஆக வேண்டும்? எங்களிடம் வாங்கினார்கள்.

என் கணவர் சிரித்தார். "எவனோ குமாஸ்தா தப்பா போட்டுட்டான். அக்கா, நீ ஒரு தரம் வந்து புரியவெச்சிடு." அண்ணி எங்களோடு வந்தார். அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் எங்கள் கெட்ட நேரம். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அட்டவணையம்மாவா! உக்காருங்க, உக்காருங்க. இவர் உங்க தம்பியா? சொல்லவே இல்லையே" என்று இழுப்பறையைத் திறந்து சங்கத்தின் பழைய புத்தகங்களை எடுத்தார். ஓரம் கசங்கி, பக்கம் பக்கமாக அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். "எங்க ரூல் புக்கைவிட இதுதான் சார் தெளிவா இருக்கும். இதோ பாருங்க, ஆறாவது குறிப்பு. ஐம்பது பேர். போன வருஷம் வரைக்கும் போட்டீங்களே, இந்த வருஷப் போஸ்டர்ல ஏம்மா விட்டுட்டீங்க?"

என் கணவர் புத்தகத்தை வாங்கிப் படித்தார். இரண்டு வரிதான். படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு மெதுவாக, "இதுக்கு நான்தான் டிக் அடிச்சேன்" என்றார். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணி எதையும் பார்க்காமல் நேராக ரோட்டில் இறங்கினார். லாரி ஒன்று பக்கத்திலேயே வந்து கிறீச்சிட்டு நின்றது. என் கணவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "ரோட்டைப் பாத்து வாக்கா" என்றார். வீடு வந்து சேரும்வரை அவர் பேசியது அது ஒன்றுதான்.

அவர் கத்தியிருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் கத்தாததால் அன்றைக்குச் சாயங்காலம் நான் கத்தினேன். தெரிந்துகொண்டே நான்கு மாதம் வாயைத் திறக்காமல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்களே என்றேன். சாப்பாட்டைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார் அண்ணி. மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். டயர் கடைக்காரர் ஏற்கெனவே ஆணி அடித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் நாங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

"எட்டுல ரெண்டுதாம்மா கொடுத்தாரு. நான் குடும்பத்தை வெச்சேன்."

"அப்ப நாங்க யாரு அண்ணி? நாங்க குடும்பம் இல்லையா?"

அண்ணி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் செயலாளரிடம் போய், குறிப்பு விட்டுப்போனது சங்கத்தின் தவறு என்று ஒரு கடிதம் கேட்டிருக்கிறார். அதைக் காட்டினால் அந்த நான்கு மாதப் பாக்கியையாவது தள்ளுபடி செய்யலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். செயலாளர் தரவில்லை. "சங்கத்தை விட்டு ஓடிப்போனவருக்குச் சங்கம் எதுக்கும்மா லெட்டர் கொடுக்கணும்?" என்றாராம். அவர் முகத்தில் விட்டெறிய அண்ணி கையில் அன்று ஒன்றும் இல்லாமல் போனது என் துரதிர்ஷ்டம்.

போராட்டம் ஜெயித்தது, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து அரசாங்கமும் தொழில் வரியைப் பாதியாக்கியது, அதே ஐம்பது பேர் கணக்கில், பெரியவர்களுக்கு மட்டும். செயலாளர் மேடை போட்டுப் பேசினார். அடுத்த மாதமே வீட்டு வரியும் ஸ்கூட்டர் வரியும் ஏறின, சோப்பு விலை ஏறியது. எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பையோடு வருவது நின்றுபோனது. அண்ணி புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. "இனிமே அவங்க போறதுக்கு எந்தப் பக்கமும் இல்ல" என்று அளவுக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னாராம். என்னிடம் இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே சொன்னதாகச் சங்கத்து டைப்பிஸ்ட் சொன்னாள்.

நாங்கள் எட்டு மாதம் தாக்குப்பிடித்தோம். திரும்பி வரலாமென்றால் இங்கே வாடகை எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. முதலில் இரண்டு தையல்காரர்கள் போனார்கள், பிறகு மூன்று பேர். பாஸ்போர்ட் கேட்ட மூத்தவர் கடைசிவரை இருந்து, போகும்போது தன் ஸ்டூலை மட்டும் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். மெஷின்களை ஒவ்வொன்றாக விற்றோம். வெட்டுகிற மேஜை கதவு வழியே வரவில்லை. என் கணவரே ரம்பத்தை எடுத்து அதை இரண்டாக அறுத்தார். அந்த மேஜையின் முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். அறுத்து முடித்துவிட்டு, மரத்தூளைத் துடைப்பத்தால் ஓரம் வரை சுத்தமாகக் கூட்டினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். மூன்றாவது ஞாயிறு என் கணவரே சங்கத்து மாடி ஏறிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வந்தார், சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி வைத்தார். முன்பு ஒருநாளும் கழுவியதில்லை. அளவுக் குடும்பத்தைப் பற்றிய பேச்சே நின்றுபோயிற்று. அந்தப் பெண் பாஸானாளா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் புத்தகம் போடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணியின் பையிலிருந்து புரூஃப் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. எடுக்கவும் இல்லை, உள்ளே தள்ளவும் இல்லை. என் கணவர் பார்த்துவிட்டு, "கொண்டா" என்று கையை நீட்டினார். பென்சிலைத் தேடி எடுத்துச் சீவினார். இரண்டு பேரும் பழைய மாதிரி கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

அண்ணி படித்தார், அவர் டிக் அடித்தார். குடியிருப்போர் முடிந்தது, தொழில் நடத்துவோர் முடிந்தது, அடிக்குறிப்புகளுக்கு வந்தார்கள். எட்டுக் குறிப்புகளையும் இந்தத் தடவை அண்ணி அடம்பிடித்துத் திரும்ப வாங்கியிருந்தார். ஐந்து வரை சத்தமாகப் படித்தவர் ஆறாவதில் குரலைத் தாழ்த்தினார். "சலுகை, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே."

டிக் அடிக்கிற சத்தம் வரவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தைப் பார்க்கவில்லை, படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேலை கிடைச்சிடுச்சுக்கா" என்றார். "எதிர்ப்பக்கம் சூட்கேஸ் கம்பெனியில. நேத்துதான் கையெழுத்து போட்டேன். பெட்டிக்கு உள்ள ஒட்டற துணியை வெட்டற வேலை."

அது எனக்கே புதிய செய்தி. அண்ணி தலையை ஆட்டினார். நல்லது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"நாப்பத்தொன்பது பேர்தான் இருந்தாங்களாம். ஒரு ஆளு குறையுதுன்னு ஆறு மாசமா சலுகை வராம நின்னிருக்கு. வேலை பெருசா ஒண்ணும் இருக்காது, பதிவேட்டுல இன்னொரு பேர் வேணும், அவ்வளவுதான்னாரு மேனேஜர்." அவர் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. அது இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "ஐம்பதாவது ஆளு நான்தான்கா."

பிறகு ஆறாவது குறிப்புக்கு நேராக டிக் அடித்தார். "குறிப்பு சரியா இருக்கு. அடுத்தது படி."

அண்ணி தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என் கணவர் பென்சிலை ஏழாவது வரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையிலிருந்து தாளை வாங்கி, ஏழாவது குறிப்பை நான் படித்தேன்.